கடலில் மறைந்தவருக்குத் தொழுகை

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மடகாஸ்கருக்கும் இடையே கடலில் எழுந்து நிற்கும் நான்கு எரிமலைத் தீவுகளைக் கொமோரோ என்பார்கள். அரபு மொழியில் ஜுஸுருல் கமர். நிலாத் தீவுகள் என்பது பொருள். அவற்றைக் காணும் வாய்ப்பை அல்லாஹுத் தஆலா நமக்கும் அருளினான்.

தலைநகர் மொரோனியில், கடலோரம் வெண்ணிற வளைவுகளோடு விளங்கும் பழைய ஜும்ஆப் பள்ளியில் ஸுப்ஹுத் தொழுதோம். இரண்டாம் ரக்அத்தில் இமாம் குனூத் ஓதினார். 2,500 கல்லுக்கும் அப்பால் வந்திருந்தும் காயல்பட்டினத்துப் பள்ளியொன்றில் நிற்பதாகவே தோன்றியது. நம் கடற்கரை ஊர்களைப் போலவே அவர்களும் ஷாஃபிஈ மத்ஹபினர். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியதுபோல, அவர்களின் முன்னோரும் தம் மொழியை அரபு எழுத்திலேயே எழுதி வந்தனர்.

1841-இல் மயோத் தீவைப் பெற்ற பிரெஞ்சுக்காரர், 1886-இல் மற்ற மூன்று தீவுகளையும் தம் பாதுகாப்பின் கீழ்க் கொணர்ந்தனர். அவர்களின் சுவடு இன்றும் அழியவில்லை. குர்ஆன் பள்ளியில் ஓதும் பிள்ளைகளே பிரெஞ்சுப் பாடமும் படிக்கிறார்கள். விடியலில் கொய்த இலாங்கு-இலாங்கு மலர்களைக் கொப்பரையிலிட்டு வாலை வடிக்கும் மணம் காற்றில் வருகிறது. அத்தைலம் பிரெஞ்சு நாட்டு அத்தர் வணிகர்களுக்குப் போகிறது.

எனினும் கண்ணுக்குத் தெரியாத சுவடு ஒன்று கடலின் மேல் கிடக்கிறது. 1974 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் மூன்று தீவுகள் விடுதலையை விரும்பின. மயோத்தின் பெரும்பான்மையோர் பிரான்சோடு இருக்க விரும்பினர். 1975 ஜூலை 6-இல் கொமோரோ விடுதலையை அறிவித்தது. மயோத் பிரான்சிடமே நின்று, 2011-இல் அந்நாட்டின் மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. கொமோரோக் கொடியிலோ இன்றும் நான்கு விண்மீன்கள்!

அஞ்ஜுவான் தீவிலிருந்து மயோத் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். உறவினர் இரு கரையிலும் வாழ்கின்றனர். 1995 முதல் அங்கே செல்ல விசா வேண்டும். அது கிட்டாத ஏழைகள் சிறு படகுகளில் இரவோடு இரவாகக் கடக்கிறார்கள். அப்படிச் சென்று ஆயிரக்கணக்கானோர் மூழ்கிவிட்டனர்.

அஞ்ஜுவானின் கீழைக்கரை ஊராகிய தொமோனியில், குர்ஆன் பள்ளி நடத்தும் முதியவர் ஒருவருக்கு விருந்தினராயிருந்தோம். கிதாபு ஓதிய அரபுதான் இருவருக்கும் பொது மொழி. மஃரிபுக்குப் பின் அவர் மெல்லக் கேட்டார்: “ஷைக் அவர்களே, என் மகன் மயோத் போகும் வழியில் படகு கவிழ்ந்து மௌத்தானான். உடன் சென்று பிழைத்தவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். மையித்து கிடைக்கவில்லை. அவனுக்கு ஜனாஸாத் தொழுகை உண்டா?”

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை அவரும் ஓதியவர். வெளியே எடுத்துக் குளிப்பாட்ட இயலாதவருக்குத் தொழுகை இல்லை என்பது அந்நூலின் தீர்ப்பு. முப்பதாண்டுகளாக நாம் அந்த மஸ்அலாவை ஓதிக்கொடுத்து வருகிறோம். ஒருநாளும் நம் நா தயங்கியதில்லை. அன்று தயங்கியது.

பின்வந்த ஷாஃபிஈ அறிஞர் சிலர் மாறாகக் கூறியிருப்பது நினைவுக்கு வந்தது. இயலாத ஒன்றின் காரணமாக இயன்றது நீங்கிவிடாது என்பது அவர்கள் கொண்ட விதி. குளிப்பாட்டுவது இயலவில்லை, தொழுவதும் துஆச் செய்வதும் இயலுமன்றோ? அதைச் சொன்னோம். நீரில் மூழ்கி இறந்தோரை ஷஹீதுகளுடன் சேர்த்துரைக்கும் நபிமொழியையும் நினைவூட்டினோம். அவர் அறியாததை நாம் சொல்லிவிடவில்லை. பிறர் வாயால் கேட்க விரும்பியிருந்தார், அவ்வளவே.

முற்றத்தில் நின்றோம். அவரையே முன்னிறுத்தினோம். அந்த ஊரில் கிப்லா வடக்கே. கடல் வலக்கைப் பக்கம். நான்காம் தக்பீருக்குப் பின் வலப்புறம் ஸலாம் கொடுத்தபோது, இருவர் முகமும் மகனை மறைத்த கடலை நோக்கித் திரும்பின. முதியவர் இடப்புறம் திரும்பச் சற்றுத் தாமதித்தார்.

ஊர் திரும்பிய பின்னும் அந்த மஸ்அலாவை ஓதிக்கொடுக்கிறோம். இப்போதெல்லாம் அவ்விடத்தில் கிதாபை ஒரு கணம் மூடிவிட்டு, கடலில் மறைந்த அனைவருக்கும் மாணவர்களுடன் ஒரு ஃபாத்திஹா ஓதியே மேலே செல்கிறோம்.