விழிஞம் கடலடியில் பழுப்பு நிறம்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞம் கரையில் சிப்பி எடுப்போர், கண்ணில் நீர்க்கண்ணாடியும் இடுப்பில் வலைப்பையும் கையில் உளியுமாக மூச்சடக்கி முக்குளித்து, பாறையோடு ஒட்டியவற்றைப் பெயர்த்துக்கொண்டு மேலே வருகின்றனர். அவர்கள் எடுப்பது பெரும்பாலும் பெர்னா இண்டிகா எனப்படும் பழுப்புச் சிப்பி. வட கேரளத்தில் கல்லுமக்காய் என விற்கப்படும் பச்சைச் சிப்பியின் நெருங்கிய இனமான இது, கொல்லம் பகுதியிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள பாறைக்கரைகளில் செழிப்பது. கரையில் குவிக்கும்போது ஐயமின்றித் தெரியும் அந்தப் பழுப்பு, 8 மீட்டர் ஆழத்தில் கையடக்கக் கேமராவின் தானியங்கி அமைப்பில் எடுத்த படத்தில் கரும்பச்சையாகிவிடுவதால், இரண்டு இனங்களையும் நிறத்தால் பிரித்தறிய அந்தப் படம் உதவுவதில்லை.

வெள்ளொளியின் நிறங்களுள் சிவப்பையே நீர் முதலில் உறிஞ்சுகிறது. தெளிந்த நீரிலேயே 5 மீட்டருக்குள் அதன் பெரும்பகுதி மறைந்துவிட, அடுத்து ஆரஞ்சும் பிறகு மஞ்சளும் மங்குகின்றன. ஒளி மேற்பரப்பிலிருந்து பாறைக்கும், பாறையிலிருந்து கேமராவுக்கும் கடக்கும் தொலைவு முழுவதும் இந்த இழப்புக்குள் அடங்குவதால், ஆழம் குறைவாயினும் தள்ளி நின்று எடுத்த படம் வெளிறும். 1926இல் ஃபுளோரிடாவின் டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளருகே நீருக்கடியில் முதல் வண்ணப்படங்களை எடுத்த வில்லியம் லாங்லிக்கும் சார்லஸ் மார்ட்டினுக்கும், போதிய ஒளிக்காக நீர்ப்பரப்பின் மேல் மக்னீசியத் தூளை வெடிக்கவைக்க நேர்ந்தது.

இன்று உறையின்றியே 15 மீட்டர் வரை தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற சிறு கேமராவில் இதற்குக் கைகொடுப்பது ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்பதைக் கேமராவுக்குக் கற்பித்து மற்ற நிறங்களை அதைக்கொண்டு கணிக்கச் செய்யும் அமைப்பு. படமெடுக்கும் ஆழத்திலேயே வெள்ளைப் பலகை ஒன்றைக் காட்டி இதைப் பதிய வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் இறங்கினாலோ ஏறினாலோ மீண்டும் பதிய வேண்டும். பலர் இந்த இரண்டாம் பதிவைத் தவிர்த்துவிடுகின்றனர். படங்கள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். நீல நீருக்கென விற்கும் சிவப்பு வடிகட்டியும் இக்கரைக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அடிநீர் மேலெழுந்து நுண்பாசிகள் பெருகும் இந்தக் கடல் பச்சை சாயும் தன்மையுடையதாதலால், பச்சையைக் குறைக்கும் மெஜந்தா வடிகட்டியே ஏற்றது. ஒரு மீட்டருக்குள் உள்ள பொருளுக்கு ஃபிளாஷ் இழந்த சிவப்பைத் திருப்பித் தரும் என்றாலும், சிறு கேமராவில் அது லென்சுக்கு மிக அருகில் இருப்பதால் மிதக்கும் துகள்களும் ஒளிர்ந்து படமெங்கும் வெண்புள்ளிகள் விழுகின்றன.

மீனவச் சமூகத்தைச் சேர்ந்த ராபர்ட் பனிப்பிள்ளையும் அவருடைய 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்' அமைப்பும் திருவனந்தபுரக் கடலின் பார்களை, அதாவது கடலடிப் பாறைத்திட்டுகளை, நீர்மூழ்கிப் படமெடுத்து ஆவணப்படுத்தி வருகின்றனர். கரையிலுள்ள மலைகளையும் கோபுரங்களையும் நேர்கோட்டில் பொருத்திப் பாரின் இடத்தைக் கண்டறியும் கணிச்சம் என்னும் முறையால் மீனவர் தலைமுறைகளாக அறிந்திருந்தவற்றை, வெளியுலகம் கண்ணால் காண இத்தகைய படங்களே வழிசெய்தன. அவ்வகையில் இது அரிய பணி. விழிஞம் துறைமுகப் பணி 2015 டிசம்பரில் தொடங்கிய பின், அருகிலுள்ள பார்களில் எது இருந்தது, எது மாறியது என்னும் வினா சிப்பி எடுப்போரின் பிழைப்போடு நேரடியாகப் பிணைந்துவிட்டது. பாறைமேல் படிந்திருப்பது வண்டலா பாசியா, சிப்பி பழுப்பா பச்சையா என்பதைக் காட்டாத படம் அத்தகைய வினாவுக்குச் சான்றாக நிற்காது.

2019இல் தெர்யா அக்காய்னக்கும் தாலி திரெய்பிட்ஸும் வெளியிட்ட சீ-த்ரூ என்னும் கணினிமுறை, நீரின் விளைவைப் படத்திலிருந்து நீக்க வல்லது. எனினும் ஒவ்வொரு பொருளின் தொலைவும் அதற்குத் தெரிய வேண்டியிருப்பதால், தனியாக எடுத்த ஒரு படத்தை மட்டும் கொண்டு அது இயங்குவதில்லை. ஆகவே ஒரே இடத்தைத் தொடர் படங்களாக எடுத்து, ஒவ்வொரு ஆழத்திலும் வெள்ளைப் பலகையின் படத்தையும் அந்த வரிசையில் சேர்த்து, கேமரா திருத்தாத மூலத்தரவான ரா கோப்பாகவே சேமித்து, ஆழத்தையும் நேரத்தையும் குறித்துவைப்பதே சிறு கேமராவுடன் கடலில் இறங்குவோர் செய்யத்தக்கது. நிறத்தில் ஐயம் எழும்போது, அந்தச் சிப்பியைப் பெயர்த்தவரிடமே படத்தைக் காட்டிக் கேட்டுவிடலாம்.