எண்பதாவது கிலோமீட்டரில் ஓக்

கோஸ்டாரிகாவின் தலைநகர் சான் ஹோசேயிலிருந்து தெற்கே மலையேறும் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்தான் முகவரி. எண்பதாவது கல்லில் பிரிந்து கீழே இறங்கினால் சான் ஹெரார்தோ தெ தோத்தா பள்ளத்தாக்கு. அங்கிருந்து மேலே தெரிவது 3,451 மீட்டர் உயரமுள்ள 'மரண மலை'. சாலை வருமுன் நடந்தே கடந்தவர்கள் குளிரில் விறைத்துச் செத்ததால் வந்த பெயர். அட்சரேகையைப் பார்த்தால் ஏறக்குறைய நம் விருதுநகர்; விடிகாலையிலோ புல்லில் உறைபனி. சாலையோரக் கடையில் 'அகுவா துல்சே' கேட்டேன். கொதிநீரில் வெல்லம் கரைத்தது, அவ்வளவுதான். இரண்டு கோப்பை குடித்த பிறகே கை விரல்கள் என் பேச்சைக் கேட்டன.

ஓக் என்றால் நமக்கு ஊட்டி, ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் மிளகுக்கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக்தான். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். தென்னிந்தியச் சோலைகளில் இயற்கையாக வளரும் ஓக் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே நிஜ ஓக் காட்டுக்குள் நான் நுழைந்தது இங்கேதான்.

உயரத்தில் க்வெர்கஸ் கோஸ்டாரிசென்சிஸ் என்ற ஓக்; இறங்க இறங்க க்வெர்கஸ் புமேலியாய்டிஸ். அண்ணாந்தால் நாற்பது மீட்டர்வரை போகும் அடிமரங்கள். பட்டை எது, பாசி எது என்று பிரிக்க முடியாதபடி பாசியும் ஆர்க்கிடும் அன்னாசிக் குடும்பத்துச் செடிகளும் அப்பியிருக்கின்றன. இலையோ படங்களில் பார்த்த, ஓரம் ஆழமாக வெட்டுண்ட ஐரோப்பிய ஓக் இலை அல்ல; தோல்போலத் தடித்தது, வெட்டில்லாதது. மொத்தமாக இலையுதிர்த்துக் கிடக்க இங்கே பனிக்காலம் இல்லையே. கீழே ஆள் நுழைய முடியாத சுஸ்கேயா மூங்கில்.

எனக்குப் பெரும் வியப்பு மகரந்தச் சேர்க்கைதான். சுற்றியுள்ள செடிகள் ஓசனிச்சிட்டுக்கும் பூச்சிக்கும் விருந்து வைத்துக் காத்திருக்க, ஓக் மட்டும் மஞ்சள் சரங்களைத் தொங்கவிட்டுக் காற்றை நம்புகிறது. வெப்பமண்டலக் காடுகளில் பொதுவாக இது எடுபடாது. ஓரினத்து மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நிற்கும். காற்றில் விட்ட மகரந்தம் வீண்தான். இந்த மலையில் மேல்விதானமே ஓக்கின் கையில் இருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. வடக்கத்திப் பழக்கத்தை விடாமலே இங்கே ஊன்றிவிட்ட மரம்.

ஆம், வடக்கிலிருந்து வந்ததுதான். மக்னோலியாவும் அப்படியே. பக்கத்திலேயே நிற்கும் த்ரிமிஸ், வைன்மானியா மரங்களின் சொந்தங்களோ தெற்கே. பனாமா நிலப்பாலம் முழுதாக இணைந்து ஏறத்தாழ முப்பது லட்சம் ஆண்டுகள் என்பது பரவலான கணக்கு. அதன் இரு கரைக் குடும்பங்களும் இந்த ஈரச் சரிவில் கலந்து நிற்கின்றன.

வழிகாட்டியாக வந்த பெரியவர் ஓரிடத்தில் கறுப்பு மண்ணைக் காலால் கிளறினார். "இங்கே கரி சுட்டோம்" என்றார். 1940களில் சாலை வெட்டப்பட்டதும் ஓக்கெல்லாம் மூட்டை மூட்டையாகக் கரியாகித் தலைநகரின் அடுப்புகளுக்குப் போயின. அவர் அதை வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை.

ஓக் கொட்டை கனமானது. காற்றில் பறக்காது, காய்ந்தால் செத்துப்போகும். அணிலோ பறவையோ புதைத்துவிட்டு மறந்தால்தான் அடுத்த மரம். அப்படி அடி அடியாகவே, பனியுகங்களில் குளிர்க்காடுகள் மலையிலிருந்து கீழிறங்கிய காலங்களைப் பயன்படுத்தி, அது கொலம்பியாவரை போயிருக்கிறது. அங்கே இருக்கும் ஒரே க்வெர்கஸுக்குத் தாவரவியலாளர் போன்ப்ளான் தன் பயணத் தோழர் ஹும்போல்ட்டின் பெயரை வைத்தார். பூமத்தியரேகையை அது தாண்டவில்லை. ஓக் கொட்டையைச் சேமித்துத் தின்னும் மரங்கொத்தியும் கூடவே வந்து, கொலம்பியாவோடு நின்றுவிட்டது.

நானும் அங்கே போக நினைத்தேன். இதே நெடுஞ்சாலை பனாமாவின் தாரியேன் காட்டில் அறுந்துவிடுகிறது; இன்றுவரை யாரும் இணைக்கவில்லை. ஓக் கடந்த இடத்தை நான் விமானத்தில்தான் கடக்க வேண்டும்.