கன்னத்து நிழல்

பழைய சாமி படத்தைக் கையில் வாங்கியதும் எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சித்தப்பா முகத்தை விட்டுவிடுவார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, கன்னம் முடிந்து கழுத்து தொடங்குகிற இடத்தில், நிழல் விழும் அந்தச் சின்னப் பட்டையில் லென்ஸை வைப்பார். "மூஞ்சி எல்லாப் படத்துலயும் லட்சணமாத்தான்டா இருக்கும். நெழல்ல பாரு. புள்ளி வச்சவன் அங்கதான் உக்காந்திருப்பான்."

அவர் சிவகாசியில் லித்தோ, அதாவது கல்லச்சு, ஆர்ட்டிஸ்டாக இருந்தவர். கல் போய்த் துத்தநாகத் தகடு வந்துவிட்ட காலம். பெரும்பாலும் தீப்பெட்டி லேபிள். தீபாவளிக்கு முன்பு வெடிக்கட்டு லேபிள். முன்னால் ஒரு கலர் டிசைன் இருக்கும். அதைப் பார்த்து மஞ்சளுக்கு ஒரு தகடு, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று மனசுக்குள்ளேயே பிரித்து, பிசுக்கு மை தொட்ட நிப்பால் ஒவ்வொரு தகட்டிலும் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். மயிலின் கழுத்தில் நீலம் எவ்வளவு, அதன் அடியில் மஞ்சள் எவ்வளவு என்று சொல்லித்தர யாரும் கிடையாது. அச்சாகி வந்த பிறகுதான் தெரியும். கேமராவில் கலர் பிரிக்கும் முறை வந்ததும் அந்த வேலை போயிற்று. கண் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது.

என் மேசையில் இப்போது இருக்கும் சரஸ்வதி, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியவள். ரவிவர்மா 1896இல் வரைந்த அதே கோலம்: பாறைமேல் அமர்ந்து வீணை மீட்டுகிறாள், பக்கத்தில் மயில். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் கழுத்து நிழலைப் பார்த்தால், சிந்திய ரவை மாதிரிப் புள்ளிகள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒரு மூலையில் நெருக்கம், அடுத்த விரற்கடையில் இளைப்பு. வரிசை என்று எதுவும் இல்லை. இளஞ்சிவப்பின்மேல் ஒரு சாம்பல், அதன்மேல் ஒரு பழுப்பு, ஒவ்வொன்றும் தனித்தனிக் கல்லிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. நாலு கலர் ஆஃப்செட் அச்சில் இப்படி வராது. அதில் புள்ளிகள் கட்டம் பிடித்து, சின்னச் சின்ன வளையங்களாகக் கூடி நிற்கும், வெறும் வானத்தில்கூட.

ஆனால் வரிசைப் புள்ளியைக் கண்டதுமே போலி என்று தூக்கிப்போடவும் கூடாது. கல்லச்சுக் காலத்திலேயே பென் டே என்ற அமெரிக்கர் புள்ளி, கோடு பதித்த மெல்லிய தாள்களைக் கொண்டுவந்துவிட்டார், 1879இல். கையால் குத்துகிற உழைப்பை மிச்சப்படுத்த, வேண்டிய இடத்தில் மட்டும் அதை அழுத்தி எடுப்பார்கள். அப்போது வரிசை ஒரு நிறத்தில், ஒரு திட்டில் மட்டும் இருக்கும். படம் முழுக்கப் பரவியிருக்காது.

இதைவிட வம்பானது, பழைய கல்லச்சைப் போட்டோ எடுத்து ஆஃப்செட்டில் போட்ட படம். அதிலும் கைப்புள்ளிகள் தெரியும். அவசரக்காரர்கள் அதைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே போக வேண்டும். கைப்புள்ளி ஒவ்வொன்றும் நாலு கலர்ப் பொடிப்புள்ளிகளாக உடைந்து கிடந்தால் சங்கதி முடிந்தது. அதற்கு நல்ல இடம் படத்தின் கீழே உள்ள எழுத்து. கல்லில் எழுதி அச்சிட்ட எழுத்து ஒரே மையில் ஓரம் சுத்தமாக இருக்கும். மறுபடி எடுத்த படத்தில் எழுத்தின் கரையே பொடிந்து தெரியும். கையெழுத்தை மட்டும் ஆதாரமாகக் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. 'ரவிவர்மா' என்ற அந்தக் கையெழுத்தும் படத்தோடு சேர்த்துக் கல்லில் ஏறியதுதான்.

லித்தோ என்பதே எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள பகைதான். மியூனிக்கில் ஆலோய்ஸ் செனஃபெல்டர் என்று ஒருவர், நாடகம் எழுதி அச்சுப்போட வழியில்லாமல் தவித்தவர். 1796இல் அம்மா சொன்ன சலவைக் கணக்கைக் காகிதம் அகப்படாமல் பிசுக்கு மையால் ஒரு சுண்ணாம்புக்கல்லில் குறித்துவைத்தார். அதில் தொடங்கியது. மை ஏறிய இடம் எண்ணெய் மையை வாங்கும், கோந்தும் அமிலமும் தடவி நனைத்த வெற்றிடம் தள்ளும். மேடு பள்ளம் கிடையாது. அதனால்தான் செப்புத்தகட்டு அச்சில் காகிதத்தில் விழும் அமுக்குத் தடம் இதில் விழுவதில்லை. விரலால் தடவி 'மை எழும்பியிருக்கிறது, அசல்' என்று சொல்பவர்கள் வேறு ஏதோ ஒன்றைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

ரவிவர்மா படங்களை அச்சுப்போடச் சொன்னவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவர் உண்டு. கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவ ராவ், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவர். கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒருவர் கையால் வரைந்து மாளாது, ஐரோப்பாவுக்கு அனுப்பி, எண்ணெய் ஓவியம் போலவே தெரியும் ஓலியோகிராஃப் கல்லச்சாகப் போடுங்கள் என்பது அவருடைய யோசனை. ரவிவர்மா ஐரோப்பாவுக்கு அனுப்பவில்லை. எந்திரத்தையும் ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்களையும் இங்கே வரவழைத்தார். 1894இல் பம்பாய் கிர்காமில் அச்சகம். பிறகு பிளேக் பயத்தில் லோனாவ்லாவுக்குப் பக்கத்து மளவ்லி. கடன் நெருக்க, ஷ்லைகர் என்ற ஜெர்மானியருக்கே அச்சகம் கைமாறிற்று. 1906இல் ரவிவர்மா காலமானார். அச்சகமோ அவர் படங்களைப் போட்டுக்கொண்டே இருந்தது. 1972இல் தீப்பிடித்து அழிந்தது.

ஆக, 'இது ரவிவர்மா ஒரிஜினலா' என்ற கேள்வியில் பாதிக்கு அர்த்தமே இல்லை. அவர் கைபட்டது கேன்வாஸ். கல்லில் புள்ளி வைத்தவர்கள் பேர் தெரியாத ஆட்கள். அவர் இருக்கும்போது அச்சானதா, அவருக்குப் பிறகா, அதே அச்சகமா, அதைப் பார்த்துக் காப்பியடித்த வேறொருவரா என்றுதான் கேட்க முடியும். சின்னப் படமென்றால் இன்னும் சிக்கல். ஒரு படத்தைப் பல பிரதிகளாக மாற்றுத்தாளில் எடுத்துப் பெரிய கல்லில் வரிசையாகப் பதித்து, ஒரே தாளில் அச்சிட்டு வெட்டுவார்கள். தனக்கென்று ஒரு கல்லே இல்லாத படங்கள் இவை.

இதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடியது படமல்ல, ஓரம். அச்சகத்தின் பெயர், ஊர், கலர் பொருத்தப் போட்ட சிலுவைக்குறிகள், படத்தின் எண் எல்லாம் மார்ஜினில்தான் இருக்கும். அந்த மார்ஜினைத்தான் நம் வீடுகளில் முதலில் வெட்டினார்கள்.

அப்பத்தா வீட்டுப் பூஜை ரூமில் ஒரு லட்சுமி படம் இருந்தது. புடவை முழுக்க நிஜப் பட்டுத்துணி, கரையில் ஜரிகை, கழுத்தில் ஜிகினா, கிரீடத்தில் கண்ணாடி மணி. முகமும் கைகளும் மட்டும் காகிதம். துணி ஒட்ட வாகாக ஓரத்தைக் கத்தரித்து, சட்டத்துக்குள் இறுக்கி அடித்திருந்தார்கள். சாமிக்குக் கீழே பம்பாய்க் கம்பெனி பெயர் எதற்கு? அது நியாயமாகத்தான் படுகிறது. அப்பத்தா அதைப் பழைய பொருளாக ஒருநாளும் நினைத்ததில்லை. வெள்ளிக்கிழமை துடைத்துப் பொட்டு வைப்பாள், அந்தச் சந்தனம் கண்ணாடி ஓரத்தில் இறங்கி உள்ளே கறையாகியிருந்தது. இன்றைக்கு ஏலக்காரர்கள் அப்படி உடுத்திவிட்ட படங்களுக்குத் தனி மதிப்பு வைக்கிறார்கள். எந்த அச்சகம் என்பது துணிக்கடியில் போய்விட்டது.

மார்ஜின் இல்லாத படத்துக்கு மீதி இருப்பது காகிதம்தான். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கை அடித்தால் சில படங்கள் நீலவெள்ளையாகப் பளிச்சென்று எரியும். சுமார் 1950க்குப் பிறகு காகிதத்தில் சேர்த்த வெளுப்பான் அது. நூறு வருஷப் பேச்சு அங்கேயே முடிந்தது. மங்கலாகக் கிடந்தால் பழசாக இருக்கலாம், அவ்வளவுதான். டீத்தண்ணியில் நனைத்த காகிதம் ஒரே சீராகப் பழுத்திருக்கும். வயசில் பழுத்தது அப்படி இராது. சட்டத்தின் உதட்டுக்குள் ஒளிந்திருந்த பட்டையில் நிறம் புதுசாக நிற்கும். முதுகில், அடைத்திருந்த பலகையின் வரியும் கணுவும் பழுப்பாக இறங்கியிருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் சட்டம் தேக்கு, கண்ணாடி பழசு, ஆணி துரு. உள்ளே இருக்கும் படம் மட்டும் போன வருஷத்தது என்பது சகஜம். அதனால் சரஸ்வதியை எடுத்ததும் கடைக்காரரிடம் பின்பலகையைக் கழற்றச் சொன்னேன்.

"பிரிச்சா மதிப்புப் போயிரும்ண்ணே."

"பிரிக்காம நான் எதுக்குக் காசு குடுக்கப் போறேன்?"

முணுமுணுத்துக்கொண்டே குறட்டை எடுத்தார். பலகையின் கணு காகிதத்தின் முதுகில் அப்படியே இருந்தது. ஊதா விளக்கில் எரியவில்லை. கழுத்து நிழல் சரி, மயிலின் நீலமும் சரி. வீணைத் தண்டின் கரையில் சிவப்பு மட்டும் மயிரிழை விலகி நின்றது, கல் பொருந்தாமல். நாலு பக்கமும் படத்தை ஒட்டி வெட்டியிருந்தது.

"கல்லச்சுதான். எந்தப் பிரஸ்னு சொல்ல முடியாது. மார்ஜின் இல்லையே."

"மார்ஜின் இருந்திருந்தா," என்றார், பலகையைத் திரும்ப அடித்துக்கொண்டே, "இது ஏண்ணே காரைக்குடியில கிடக்குது?"