மழைக்கும் ஒரு படிப்பு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மழையைப் பற்றிப் பேசாத வீடு நம் பகுதியில் உண்டா? செஞ்சி வட்டத்தில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு கிடையாது. சங்கராபரணி நம் மலைகளில் பிறந்து, வீடூர் அணையில் தங்கி, புதுச்சேரி அருகே கடலில் கலக்கிறது என்றாலும், ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலைத்தான் காண்கிறோம். ஏரியும் கிணறும்தான் நமக்குக் கதி. அவ்விரண்டிற்கும் மழைதான் கதி. செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். மதிலோடு நின்றுவிடாமல் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் அமைத்தார்கள். வள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பைத்தானே வைத்தார்!

இத்தனை சிறப்புடைய மழையைப் படிப்பதற்கென்றே ஒரு படிப்பு உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வளிமண்டல அறிவியல், கடலியல் என்று அதற்குப் பெயர். நம் கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் அந்தப் பெயர் இல்லை. ஆகவே அது யாரோ பெருநகரத்துப் பிள்ளைகளுக்கு உரியது என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். உண்மையில் அது நமக்கே மிகவும் உரிய படிப்பு. அதற்கான வாசல் நம் பாடப்புத்தகத்திலேயே திறந்திருக்கிறது. இதனை எனக்குத் தெரிந்த அளவில் கூறவே இக்கட்டுரை.

நான் அனந்தபுரத்தைச் சேர்ந்தவள். எனக்கு முன் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவர் எவருமில்லை. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கொல்லை. ஆடியில் மல்லாட்டை போடுவார். அதுபோக, முக்கால் ஏக்கர் கழனியைக் குத்தகைக்கு எடுத்து நெல் வைப்பார். அம்மா களையெடுப்புக்கும் நடவுக்கும் போவார். அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் ஈசல் கிளம்புவதையும், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவதையும், நிலா கோட்டை கட்டுவதையும் பார்த்து மழையைச் சொல்லுவார். நிலாவைச் சுற்றித் தோன்றும் அந்த வட்டம், மிக உயரத்தில் பரவும் மெல்லிய மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் உண்டாவது என்றும், அத்தகைய மேகம் பல சமயங்களில் மழை மேகத்திற்கு முன்னோடியாக வரும் என்றும் பின்னால் படித்தபோது, அப்பாவின் குறிகள் வெறும் நம்பிக்கை அல்ல என்று அறிந்தேன்.

ஆனால் அப்பாவின் குறிகள் எதற்கும் கட்டுப்படாத ஒரு மழை வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் என்றால் காற்று. கரையைக் கடந்தால் அடங்கிவிடும் என்பதே எங்கள் தெருவாரின் பழைய அனுபவம். 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலைப் பற்றி இன்றும் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஃபெஞ்சலோ கரையைக் கடந்த பின்னும் புதுச்சேரியை ஒட்டிப் பல மணி நேரம் அசையாமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதில் ஏறக்குறையப் பாதி அது. மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. எங்கள் குத்தகைக் கழனி நான்கு நாள் நீருக்குள் கிடந்தது. கதிர் பிடிக்கும் பருவம் அது. வரப்பு தெரியாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அப்பா என்னைக் கேட்டார்:

"கரையத் தாண்டிப் போயிடுச்சின்னாங்களே, அப்பறம் எப்பிடிம்மா ஒரே எடத்துல நிக்கும்? நீ சயின்சுதானே படிக்கிற?"

அப்போது நான் முதலாண்டு மாணவி. அக்கேள்விக்கு விடை தேடிச் சென்ற வழிதான் என்னை இப்படிப்பின் பக்கம் கொண்டு சேர்த்தது.

விடை எளியது. புயலுக்குத் தானே விரைந்து நகரும் ஆற்றல் குறைவு. அதனைச் சூழ்ந்துள்ள பெருங்காற்றோட்டமே அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. வாய்க்காலில் விட்ட தேங்காய் மட்டை, நீர் ஓடினால் ஓடும். நீர் தேங்கினால் நின்ற இடத்திலேயே சுழலும். அதுபோல, இருபுறமும் உள்ள காற்றோட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டால் புயல் நின்றுவிடும். கடலை ஒட்டி நின்றால் கடலின் ஈரத்தை இழுத்து இழுத்து ஒரே இடத்தில் கொட்டும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்பிடின்னா அது நிக்கப் போவுதுன்னு முன்னாடியே கண்டுபுடிக்க முடியுமா?" என்று கேட்டார். உலகின் பெரிய கணிப்பொறிகள் எல்லாம் மல்லுக்கட்டும் கேள்வி அதுதான் என்பதை அப்பா அறியமாட்டார்!

இனி நம் பாடப்புத்தகத்துக்கு வருவோம். வெப்ப இயக்கவியலில் உள்ளுறை வெப்பம் படிக்கிறோம். ஒரு கிலோகிராம் நீராவி நீராகும்போது ஏறத்தாழ 25 இலட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் 50 செ.மீ. மழை என்றால் சுமார் 20 இலட்சம் லிட்டர் நீர். அந்த நீர் ஆவியிலிருந்து மழையானபோது மேலே வெளிப்பட்ட வெப்பத்தை மின்சாரமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 14 இலட்சம் யூனிட். மாதம் 100 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் போதும். ஒரு ஏக்கருக்கே இவ்வளவு! புயல் எங்கிருந்து இவ்வளவு வலிமை பெறுகிறது என்ற கேள்விக்கு இதுவே விடை. வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து, தான் சுமந்து வந்த வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. அந்த வெப்பமே புயலின் தீனி.

தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் கிளாசியஸ்–கிளாபிரான் சமன்பாடும் அப்படியே. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால், காற்றில் தங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும் என்பதை அது கூறுகிறது. புவி வெப்பமடைய வெப்பமடையப் பெருமழைகள் ஏன் மேலும் பெருமழைகளாகின்றன என்பதற்கு இச்சமன்பாடே வேர். இயக்கவியலில் வரும் கொரியாலிஸ் விசை இல்லாவிட்டால் புயல் சுழலாது. அவ்விசை மிகக் குறைந்த நிலநடுக்கோட்டின் அருகே புயல்கள் பெரும்பாலும் பிறப்பதில்லை.

நம் ஆய்வகச் சுவரில் ஃபார்ட்டின் பாரமானி தொங்குகிறதல்லவா? அதனைத் தூக்கிக்கொண்டு ராஜகிரி மேல் ஏறினால் என்ன ஆகும்? மலையின் உயரம் சுமார் 800 அடி. உச்சியை அடையும்போது பாதரசம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். ஒரு கடும்புயலின் நடுவே காற்றழுத்தம் குறையும் அளவும் இதனோடு ஒப்பிடத் தக்கதே. மலை ஏறும்போது குறைந்த அழுத்தத்தைக் காற்றின் எடை ஈடுசெய்கிறது; ஆகவே ஒன்றும் நிகழ்வதில்லை. அதே வேறுபாடு கடல்மட்டத்தில் சில நூறு கிலோமீட்டருக்குள் ஏற்பட்டால் மரங்கள் சாய்கின்றன.

கடலைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். எங்கள் ஊரில் கடலைப் பார்க்காத முதியவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் கடலின் சூட்டுக்கும் அவர்கள் அடுப்புக்கும் தொடர்பு உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலிய பேராறுகள் கொட்டும் நன்னீர், வங்கக் கடலின் மேல் இலேசான ஓர் அடுக்காகப் பரவி நிற்கிறது. கீழேயுள்ள குளிர்ந்த உப்புநீருடன் அது எளிதில் கலப்பதில்லை. ஆகவே மேற்பரப்பு விரைவில் சூடேறுகிறது. நம் விரிகுடா புயல்களுக்குத் தொட்டிலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வங்கக் கடல் மட்டுமன்று. பசிபிக் பெருங்கடலும் நம்மைத் தொடுகிறது. அங்கே நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பல முறை பொய்த்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் பின்னணியிலும் வலிமையான ஓர் எல் நினோ இருந்தது என்று அறிஞர்கள் கூறுகின்றனர். கஞ்சித் தொட்டியின்முன் நின்ற நம் முன்னோருக்கு, தம் பசிக்கான காரணங்களுள் ஒன்று பெரு நாட்டுக் கரையருகே இருந்தது எப்படித் தெரியும்?

இத்தொடர்பின் ஒரு பாதியைக் கண்டறிந்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர். பருவமழையை முன்னறிய வேண்டி உலகெங்குமுள்ள அழுத்தக் குறிப்புகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் தராசுத் தட்டுகளைப்போல் மாறி மாறி ஏறியிறங்குவதைக் கண்டார். 1913இல் நம் இராமானுஜனுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தவரும் இவரே.

நம் நாட்டுப் பெண்கள் இருவரை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஒருவர் அன்னா மணி. 1918இல் பீருமேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் பட்டம் பெற்றவர். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி செய்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு கருவிகளை நம் நாட்டிலேயே செய்வதற்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். தவறாக அளப்பதைவிட அளக்காமலிருப்பதே மேல் என்பது அவர் கொள்கை.

மற்றொருவர் சுலோச்சனா காட்கில். பருவமழை என்பது பெரியதொரு கடற்காற்று என்றுதானே பள்ளியில் படித்தோம்? நிலம் சூடாவதே காரணமென்றால், ஜூலையைவிட மே மாதம்தானே கொடியது. மேயில் ஏன் மழை கொட்டவில்லை? நிலநடுக்கோட்டை ஒட்டி அமைந்த பெரிய மேகப்பட்டை கோடையில் வடக்கே நகர்ந்து வருவதே பருவமழை என்பதை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு சிக்கா என்பவரோடு சேர்ந்து 1980இல் அவர் விளக்கினார். அதனினும் என்னைக் கவர்ந்தது வேறொன்று. ஆந்திரத்து அனந்தபூர் வட்டாரத்திலும் அதையடுத்த பாவகடாவிலும் மானாவாரி மல்லாட்டை போடும் உழவர்களோடு அமர்ந்து, பல்லாண்டு மழைக் கணக்கை வைத்துக்கொண்டு, எந்த நாளில் விதைத்தால் பயிர் பொய்க்கும் ஆபத்து குறையும் என்று ஆராய்ந்தார். ஊர்ப் பெயரும் ஒன்று, பயிரும் ஒன்று. 2025 ஜூலையில் அவர் மறைந்த செய்தியைப் படித்தபோது, எங்கள் கொல்லையை அறிந்த ஒருவரை இழந்ததுபோல் இருந்தது.

படிக்க வழி என்ன? இயற்பியல் அல்லது கணிதத்தில் இளம் அறிவியல் முடித்தவர்களுக்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் வானிலையியல், கடலியல் முதுகலைப் படிப்புகள் உள்ளன. மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் இருக்கின்றன. 2022இல் வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு நடந்த தேர்வை எழுத, இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட இளம் அறிவியல் பட்டமும் முதல் வகுப்பும் போதுமானவையாக இருந்தன.

வழி இருக்கிறது; தடையும் இருக்கிறது. "பி.எட். படிச்சா இங்கியே டீச்சர் ஆயிடலாம். பொம்பளப் புள்ள, பாஷ தெரியாத ஊருக்கு எதுக்கு?" என்கிறார் அம்மா. "மழையப் படிச்சா யாரும்மா சம்பளம் குடுப்பாங்க?" என்கிறார் அப்பா. அவர்கள் கேட்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். என் கல்லூரிச் செலவு எந்தக் கழனியிலிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். தமிழ்வழியில் பயின்ற எனக்கு அத்துறையின் ஆங்கில நூல்களில் ஒரு பக்கம் கடக்க ஒரு மாலை ஆகிறது. அடுத்த ஆண்டு நான் எந்தப் பக்கம் திரும்புவேன் என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், சிவப்பு எச்சரிக்கை என்று செய்தியில் கேட்கும்போது அப்பா அறிய விரும்புவது ஒன்றே: நம் ஏரி தாங்குமா, அறுத்த கட்டைத் தூக்கவேண்டுமா, இன்றைக்கு விதைக்கலாமா? அந்த அறிவியலுக்கும் இந்தக் கேள்விக்கும் நடுவே நிற்கக்கூடியவர்கள் யார்? இரண்டு மொழியும் தெரிந்தவர்கள்தாம். கழனியில் நட்டுப் பழகிய கையோடு சமன்பாடும் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் கல்லூரியில் நிறையவே இருக்கிறோம்.

நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே! எனக்கு ஒரு சிறு விண்ணப்பம் உண்டு. நம் கல்லூரி வளாகத்தில், மரமும் சுவரும் மறைக்காத ஓரிடத்தில் ஒரு மழைமானி வையுங்கள். ஒரு புனலும் ஓர் உருளையும் ஓர் அளவுக்குவளையும் போதும். வானிலைத் துறையின் வழக்கப்படி நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நாங்களே முறைவைத்து அளந்து அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம். விடுமுறை நாளில் அளக்க, பக்கத்து ஊர் மாணவர்கள் இருவர் இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வரும் வடகிழக்குப் பருவமழைக்குள் அது வந்துவிட்டால், அடுத்த ஆண்டு மலரில் நம் கல்லூரியின் மழைக்கணக்கை அச்சிடலாம்.