சிறிய அலமாரியின் நான்கு வேலைகள்

தமிழ்நாட்டு நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் படுக்கையறை என்பது பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடியோ அதற்கும் குறைவோ ஆன ஓர் அறையாகவே இருக்கிறது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இரண்டு அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை 9.5 சதுர மீட்டருக்கும் மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது என்று வரையறுக்கிறது, 7.5 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 80 சதுர அடி. அவ்வளவு இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, கதவு திறக்கவும் ஆள் நடக்கவும் வழி விட்ட பிறகு, துணிமணிகளுக்கு மிஞ்சுவது ஒரு கப்போர்டுதான், அதாவது சுவரில் ஒன்றரை அடி ஆழத்துக்கு விடப்பட்ட இடத்தில் கடப்பாக் கற்பலகைகளைத் தட்டுகளாகப் பதித்து முன்னால் கதவு போட்ட அலமாரி; அது இல்லாத வீட்டில் ஓர் இரும்பு பீரோ. இந்த அலமாரி எத்தனை முறை அடுக்கினாலும் இரண்டே வாரங்களில் கலைந்துபோவதற்கு வீட்டாரின் சோம்பலும் இடத்தின் குறுக்கமும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று கூர்ந்து பார்த்தால், பழைய வீட்டில் நான்கு வெவ்வேறு இடங்கள் செய்துவந்த வேலை அந்த ஒரே அலமாரியின் தலையில் விழுந்திருப்பது தெரியவரும்.

அந்த நான்கில் முதலாவது கொடி. உள்ளறையில் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய கயிற்றிலோ தொங்கவிட்ட மூங்கில் கழியிலோ அன்றாடம் உடுத்தும் வேட்டியும் புடவையும் துண்டும் கிடந்தன. இரண்டாவது டிரங்குப் பெட்டி. கல்யாணப் பட்டும் விசேஷ நாட்களுக்கான துணிகளும் அந்தத் தகரப் பெட்டியில் அடங்கியிருந்தன. மூன்றாவது பரண், ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே தேவைப்பட்டவை கூரையை ஒட்டிய அந்தத் தட்டில் ஏற்றப்பட்டன. நான்காவது, நகையும் பணமும் வீட்டுப் பத்திரமும் இருந்த பூட்டுப் பெட்டி. பம்பாயில் 1897-இல் பூட்டுத் தொழிலோடு தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் இரும்பு அலமாரிகள் செய்யத் தொடங்கியது. அத்தகைய அலமாரி பின்னாளில் பீரோ என்ற பெயரோடு தமிழ்நாட்டுக் கல்யாணச் சீர்வரிசையில் நிலையான இடம் பெற்றபோது, டிரங்குப் பெட்டியும் பூட்டுப் பெட்டியும் ஒரே கதவுக்குள் வந்துசேர்ந்தன. அடுக்குமாடி வாழ்க்கை கொடியையும் பரணில் பாதியையும் அதே கதவுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. இவற்றுள் கொடி மட்டுமே புழக்கத்துக்கு உரியது, அதாவது நாள்தோறும் கை சென்று எடுக்கிற, மாலையில் மீண்டும் வைக்கிற பொருள்களுக்கு உரியது. மற்ற மூன்றும் காப்புக்கு உரியவை, அங்கே பொருள் அசையாமல் இருப்பதே நல்லது. அசைய வேண்டியதையும் அசையாதிருக்க வேண்டியதையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டும் கெடுகின்றன என்பதே சிறிய அலமாரியைப் பற்றி முதலில் அறிய வேண்டியது.

அலமாரிக் குழப்பத்தில் பெரும் பங்கு, ஒருமுறை உடுத்திக் கழற்றிய துணிகளால் வருவது. மாலையில் இரண்டு மணி நேரம் கோயிலுக்குப் போய்வந்த சுடிதாரும், நாளையும் போடலாம் என்று விடப்பட்ட ஜீன்ஸும் அழுக்குமல்ல, சலவைத் துணியுமல்ல. துவைக்கப் போட மனம் வராது; மடித்து வைத்தால் வியர்வை வாடை பக்கத்துத் துணிக்கும் ஏறும். ஆகவே அவை நாற்காலியின் முதுகிலும் கட்டிலின் தலைமாட்டிலும் கதவின் மேல்விளிம்பிலும் தங்குகின்றன. வாசலில் அழைப்பு மணி கேட்டதும் ஒரே அணைப்பாக வாரி அலமாரிக்குள் திணிக்கப்படுகின்றன. நேர்த்தியாக அடுக்கிய தட்டு கலைவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். கொடி இருந்த வீட்டில் இந்தச் சிக்கலே எழவில்லை, ஏனெனில் உடுத்திய துணி காற்றாடக் கிடந்து மறுநாள் உடலுக்கோ துவைக்கும் கல்லுக்கோ போயிற்று. எனவே அலமாரியைச் சீர்செய்யும் வேலை அலமாரிக்கு வெளியே தொடங்க வேண்டும்: கதவின் பின்புறத்தில் ஐந்தாறு கொக்கிகளையோ, ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒரு கம்பியையோ பொருத்தி, உடுத்திய துணிகளுக்கு அதையே இடமாக வைத்துவிட வேண்டும். கொக்கிகள் நிறைந்துவிட்டால் எதைத் துவைக்கப் போடுவது என்ற முடிவை அந்த நிறைவே எடுக்கவைக்கும்.

இனி தட்டு. 3 அடி அகலமுள்ள கடப்பாத் தட்டு ஒன்றில், இஸ்திரிக்காரர் மடித்துத் தரும் சட்டைகள், ஒவ்வொன்றும் ஒன்பது பத்து அங்குல அகலம் உள்ளவை, விரல் நுழையும் இடைவெளியோடு மூன்று அடுக்குகள்தான் கொள்ளும். சட்டையின் நீளம் ஓர் அடியைச் சற்றே தாண்டுவதால், ஒன்றரை அடி ஆழத்தில் பின்னால் நாலைந்து அங்குலம் மிஞ்சும். ஒற்றைக் காலுறையும் காணாமற்போன கைக்குட்டையும் உள்பாவாடை நாடாவும் பல மாதங்களுக்குப் பிறகு அகப்படுவது இருட்டான அந்தச் சந்தில்தான். இடம் வீணாகிறதே என்று அங்கே ஒரு பின்வரிசையை உண்டாக்குவது பலர் செய்யும் பிழை. பின்வரிசையில் உள்ளதை எடுக்க முன்வரிசையைக் கலைத்தாக வேண்டும், அப்படிக் கலைப்பதற்கு அஞ்சியே பின்வரிசைத் துணி உடுத்தப்படாமல் போகிறது. அந்தச் சந்து காலியாக இருப்பதுதான் நல்லது. ஓதம், அதாவது சுவரில் ஊறும் மழைக்கால ஈரம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் முதலில் பின்சுவரையே தாக்கும். துணி சுவரைத் தொடாமலிருந்தால் அந்த ஈரம் துணிக்கு ஏறாது. தச்சரிடம் சொல்லி ஒரு மெல்லிய மர ரீப்பரைத் தட்டின் குறுக்கே பொருத்தினால் அடுக்கு பின்னால் சரியாமல் நிற்கும்.

அடுக்கின் உயரத்தையும் இதே நோக்கில்தான் முடிவு செய்ய வேண்டும். ஓர் அலமாரி ஒழுங்காக இருக்கிறதா என்பது அடுக்கி முடித்து நின்று பார்க்கும்போது தெரிவதில்லை. வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் ஒரு கை நீண்டு ஒரு துணியை உருவும்போது தெரிகிறது. அடியிலிருந்து இரண்டாவது சட்டையை உருவினால் மேலே உள்ளவை எல்லாம் சாயுமானால், அடுக்கியவர் எவ்வளவு கவனமாக மடித்திருந்தாலும் அந்த அடுக்கு நிலைக்காது. ஆகவே ஓர் அடுக்கில் ஏழெட்டுக்கு மேல் ஏற்றாமல் இருப்பதும், புடவைகளை மடிப்பின் முதுகு வெளியே தெரியும்படி வைத்து, பிரித்துப் பார்க்காமலே கரையைக் கண்டு எடுக்க வழி செய்வதும் தேவை. கண்மட்டத்துக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட தட்டுகள் அன்றாடத் துணிக்கே உரியவை. அங்கே பட்டுப்புடவையை வைத்துவிட்டு அலுவலகச் சட்டைகளைக் குனிந்து எடுக்கும்படி வைத்திருக்கும் வீடுகள், காப்புக்கு மதிப்பும் புழக்கத்துக்குத் தொல்லையும் தருகின்றன.

வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி ஜப்பானியரான மரி கோண்டோ எழுதிய நூல் 2014-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பின், துணியைச் சிறு கட்டுகளாக மடித்து, படுக்கவைக்காமல் நிமிர்த்தி வரிசையாக நிறுத்தும் முறை உலகெங்கும் பரவியது. இழுப்பறைகளுக்கு ஏற்ற அம்முறையை, இழுப்பறையே இல்லாத கடப்பாத் தட்டில் பின்பற்ற வேண்டுமானால் ஆழம் குறைந்த அட்டைப்பெட்டியோ கூடையோ வேண்டும்; குழந்தைகளின் துணிக்கும் பனியனுக்கும் உள்ளாடைக்கும் அது மிகவும் பொருந்தும், கஞ்சி போட்ட பருத்திப் புடவைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா என்று பார்த்து, தராததை விடைகொடுத்து அனுப்ப வேண்டும் என்ற அவருடைய அளவுகோல் தனி ஒருவர் தாமே விரும்பி வாங்கிய துணிகளுக்குச் சரியாக இருக்கலாம். தமிழ் வீட்டு அலமாரியில் உள்ளவற்றில் கணிசமான பங்கு யாரும் விரும்பி வாங்கியதல்ல என்பதால், அந்த அளவுகோல் இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது.

நவராத்திரிக் கொலுவுக்குப் போன வீட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி, கிரகப்பிரவேசத்தில் வந்த வேட்டி சட்டைத் துணி, சம்பந்தி வீட்டார் எடுத்துத் தந்த, நிறம் பிடிக்காத புடவை ஆகியவை பிடித்ததா பிடிக்கவில்லையா என்ற கேள்விக்கு உட்படாமல் உறவின் பெயரால் அலமாரிக்குள் வந்தவை. ஒரு மீட்டருக்கும் குறைவான அந்த ரவிக்கைத் துணி எந்தப் புடவைக்கும் பொருந்தாமல், தைக்கப்படாமல், கடை மடிப்புக் கலையாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஆனால் அது தைப்பதற்காக மட்டுமே தரப்பட்டதல்ல. ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பதும் அந்த வழக்கத்தில் அடங்கியதே. ஆகவே அதை உடைகளோடு வைக்காமல், வைத்துக் கொடுப்பதற்கென்று ஒரு துணிப்பையில் போட்டு, கொடுத்தவர் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே செருகி, பூஜைச் சாமான்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடலாம்; கொடுத்தவருக்கே அது திரும்பிப் போகும் சங்கடமும் நேராது. பை நிறைந்திருக்கும் ஆண்டில் புதிதாக ரவிக்கைத் துணி வாங்க வேண்டியதில்லை.

இறந்தவர்களின் துணி இதனின்றும் வேறு. தந்தையின் ஒரு சட்டையையும் தாய் கடைசியாகக் கட்டிய ஒரு நூல்புடவையையும் கழிக்கச் சொல்ல எந்த ஒழுங்கு முறைக்கும் உரிமை கிடையாது. அவற்றை அன்றாடத் துணிகளுக்கு நடுவே வைத்து நாள்தோறும் தள்ளித் தள்ளி நகர்த்துவதுதான் அவற்றுக்குச் செய்யும் குறை. ஒன்றிரண்டைத் தேர்ந்து, துவைத்து உலர்த்தி, பெட்டியில் வைப்பதே அவற்றுக்குரிய மரியாதை.

பெட்டியில் வைக்க வேண்டியவற்றுள் முதன்மையானது பட்டு. காஞ்சிபுரப் பட்டின் சரிகை, பட்டிழையின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசிச் செய்யப்படுவது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் வெள்ளி கறுக்கும். கடையில் தந்த பிளாஸ்டிக் உறையிலேயே புடவையை விட்டுவைத்தால் உள்ளே ஈரம் அடைபட்டுச் சரிகை கறுப்பதோடு பூஞ்சணமும் பிடிக்கலாம். பழைய வேட்டித் துண்டிலோ வெளுத்த மல் துணியிலோ சுற்றி, மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து, முன்பிருந்த மடிப்பை மாற்றி மடித்தால் மடிப்புக் கோட்டில் இழை அறாது. கனமான பட்டை நெடுங்காலம் ஹேங்கரில் தொங்கவிடுவதும் நல்லதல்ல, தன் எடையாலேயே அது இழுபடும்.

பூச்சிகளுக்காகப் போடும் அந்துருண்டையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாஃப்தலீன் என்ற வேதிப்பொருளால் ஆன வெள்ளை உருண்டை, திரவமாகாமல் நேராக ஆவியாகித் துணியில் படிகிறது. ஜி6பிடி எனப்படும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி சிவப்பணுக்களைச் சிதைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்துருண்டையோடு வைத்திருந்த துணியில் பச்சிளங்குழந்தையைச் சுற்றியதால் அத்தகைய பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. மிட்டாய் என்று எண்ணிக் குழந்தைகள் அதை வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. கைக்குழந்தை உறங்கும் அறையின் அலமாரியில் அதற்கு இடமே இருக்கக் கூடாது. கஞ்சிப் பசையை நாடி வரும் இராமபாணப் பூச்சியைத் தடுக்க, நெடுநாள் வைக்கும் பருத்திப் புடவையைக் கஞ்சி போடாமல் வைப்பதே பாதி காப்பு. உலர்ந்த வேப்பிலையையும் வசம்பையும் துணி முடிச்சாகக் கட்டிப் போடுவது பல வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள் ஆகியவை புடவை மடிப்புக்குள் ஒளித்து வைக்கப்படும்வரை அந்த அலமாரியை வேறு யாரும் ஒழுங்குசெய்ய முடியாது, ஏனெனில் எதை நகர்த்தினால் எது தொலையும் என்பது வைத்தவருக்கு மட்டுமே தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் ஆவணங்களை இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்களே நடத்த நேர்ந்தது. எல்லாவற்றையும் நீர் புகாத ஒரே உறையில் இட்டு, மேல்தட்டில் வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் இடத்தைச் சொல்லிவைப்பது அறிவுடைமை.

இவ்வளவையும் பிரித்த பிறகு, உடுத்தப்படாத துணி என்று ஒரு குவியல் மிஞ்சும். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் தெரு வியாபாரியிடம் போட்டால் அலமாரியின் சுமை சமையலறைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். நூல்புடவையில் நைந்ததைத் தூளிக்கும் துடைக்கும் துணிக்கும் வைத்துக்கொண்டு, நல்ல நிலையில் உள்ளதை உடுத்தக்கூடியவர்களிடம் சேர்ப்பதே முறை. அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கிய கூஞ்ச் போன்ற அமைப்புகள் நகரங்களில் துணிகளைத் திரட்டிக் கிராமங்களுக்கு அனுப்புகின்றன. யாருக்குக் கொடுப்பதாயினும் துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். தாம் உடுத்தத் தயங்கும் கிழிசலைப் பிறர் உடுத்துவார் என்று அனுப்புவது கொடையாகாது.

அலமாரியை இப்படிப் பிரித்து அடுக்க உகந்த காலம் புரட்டாசி. ஆயுத பூஜைக்காக வீடு எப்படியும் துடைக்கப்படுகிறது, வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது, தீபாவளிப் புதுத்துணி வீட்டுக்குள் வர இன்னும் சில வாரங்கள் இருக்கும். வெயில் உள்ள ஒரு நாளில் தட்டுகளைக் காலிசெய்து, கல்லைத் துடைத்து, கதவுகளை மாலைவரை திறந்துவைத்து, ஒவ்வொரு தட்டிலும் கையளவு இடத்தைக் காலியாக விட்டு அடுக்குங்கள். புதுத்துணி வாங்கக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.