பாங்காங்குக்கு அப்பால் ஒரு கணவாய்

லடாக்கின் லேயிலிருந்து புறப்பட்ட இரண்டாம் நாள். பாங்காங் ஏரிக்கரையில் ஸ்பாங்மிக், மான், மேராக் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பிறகு வீடு இல்லை, மரம் இல்லை. கியாங் என்கிற காட்டுக் கழுதைகள் கூட்டமாக நின்று எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. வானம் அப்படியொரு நீலம். நம் ஊரில் அந்த நிறத்தை நான் பார்த்ததே இல்லை. 14,000 அடிக்கு மேல் கிடக்கிறது சுஷூல் பள்ளத்தாக்கு. கீழே இறங்கி நாலடி வைத்ததும் மூச்சு வாங்கியது.

அங்கிருந்த போர் நினைவிடத்தில் காவலுக்கு நின்ற சிப்பாய், எதிரே தெரிந்த மலைத்தொடரைக் காட்டி, "அந்தப் பக்கம்தான் ரெசாங் லா" என்றார். 'லா' என்றால் கணவாய். ஏறத்தாழ 16,000 அடி உயரம். நானோ தரையிலேயே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணவாயைக் காத்து நின்ற மேஜர் ஷைத்தான் சிங் பாட்டி பிறந்தது 1924 டிசம்பர் 1-இல், ராஜஸ்தானத்து ஜோத்பூர் சீமையில் பானாசர் என்ற சிற்றூரில். மணற்காட்டுப் பிள்ளை. தந்தை ஹேம் சிங் முதல் உலகப்போரில் பிரான்சில் போரிட்டுக் காயம்பட்டவர். மகன் ஜோத்பூர் சமஸ்தானப் படையில் சேர்ந்து, சமஸ்தானங்கள் இணைந்தபின் குமாவுன் படைப்பிரிவுக்கு வந்தார். நாகா மலைகள், 1961-இல் கோவா, பிறகு இந்தப் பனிப்பாலை.

1962 நவம்பரில், சீனாவுடனான போரின்போது, 13-ஆம் குமாவுனின் சார்லி கம்பெனி அவர் பொறுப்பில் இருந்தது. சுமார் 120 பேர். பெரும்பாலும் ரேவாரி, குர்கான் பக்கத்து அஹீர் குடும்பத்துப் பையன்கள், சமவெளியில் வளர்ந்தவர்கள். சுஷூலில் ஒரு விமான ஓடுதளம் இருந்தது. டாங்கிகளைக்கூட விமானத்தில் கொண்டுவந்து அங்கேதான் இறக்கியிருந்தார்கள். அதற்குத் தென்கிழக்கு வாசல் ரெசாங் லா.

அந்த மலையைப் பார்த்தபோதுதான் புத்தகத்தில் படித்த ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. நம் பீரங்கிகளுக்கும் அந்தக் கணவாய்க்கும் நடுவே ஒரு முகடு குறுக்கே நிற்கிறது. பீரங்கியிலிருந்து ஒரு குண்டுகூட அவர்களுக்குத் துணையாக விழ வழியில்லை. கையில் .303 துப்பாக்கிகள், சில இலகு இயந்திரத் துப்பாக்கிகள், சிறு மார்ட்டர்கள். அவ்வளவுதான்.

நவம்பர் 18, விடியுமுன் சீனப்படை வந்தது. மேஜர் ஒரே பங்கரில் தங்கவில்லை. திறந்த வெளியில் பிளாட்டூன் பிளாட்டூனாக ஓடி ஆட்களைத் தேற்றினார். முதலில் கையில் குண்டு, அடுத்து வயிற்றில். தூக்கிக்கொண்டு போனவர்கள் மீது இயந்திரத் துப்பாக்கி பாயவே, என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று உத்தரவிட்டார். ஒரு பாறையின் மறைவில் கிடத்திவிட்டுப் போனார்கள். 38 வயது நிறைய 13 நாள் மீதமிருந்தது. கம்பெனியில் 110 பேருக்கு மேல் மடிந்தார்கள்.

தப்பி வந்த சிலர் சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை. சாட்சி சொல்ல மூன்று மாதம் காத்திருந்தது பனி. 1963 பிப்ரவரியில் ஓர் இடையர் அந்தப் பக்கம் போனார். அவர் சொல்லித் தேடிப் போனவர்கள் கண்டது: பதுங்குகுழிகளில் உறைந்த உடல்கள், பலர் கையில் இன்னும் ஆயுதம். மார்ட்டர்காரர் கையில் எறிகுண்டு. மருத்துவ உதவியாளர் கையில் ஊசியும் கட்டுத்துணியும். மேஜர் அதே பாறையருகே இருந்தார்.

அந்த மருத்துவ உதவியாளரை என்னால் மறக்க முடியவில்லை. சுற்றிலும் ஆள் விழுந்துகொண்டிருக்க, அடுத்த காயத்துக்குக் கட்டுப்போடத் துணியைப் பிரித்த கை அது. அதைவிடப் பெரிய வீரம் எனக்குத் தெரியாது.

மேஜரின் உடல் ஜோத்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு முழு ராணுவ மரியாதையுடன் எரியூட்டப்பட்டது. பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது.

லடாக் போகிற நம்மவர்கள் பாங்காங் கரையில் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். பயணத்தைத் திட்டமிடும்போதே சுஷூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரியிலிருந்து சில மணிநேரம்தான். நினைவிடத்துப் பெயர்ப்பலகையில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக, நின்று, படித்துவிட்டு வாருங்கள்.