எஞ்சின் நாக்கைப் பார்த்தீர்களா?

கார் என்றதும் இது ஆண்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! முற்றத்தில் நிற்கும் பழைய கார் இழுக்காமல் முனகத் தொடங்கினால், அந்தச் செலவு கடைசியில் எங்கே வந்து விடிகிறது? நம் அடுப்படியில்தான். மீன் காசு, பிள்ளையின் ரியூஷன் காசு, சீட்டுக் காசு எல்லாம் கராஜுக்குப் போய்விடும். "எஞ்சினை இறக்க வேணும்" என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்கத் தெரியாத வீட்டில் அதற்கு மறுபேச்சே இல்லை.

எங்களிடம் இருப்பது மொறிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி. நம் நாட்டவருக்கு அதன்மேல் தனிப் பாசம். 1990களில் தென்னிலங்கையில் அதற்கு உதிரிப்பாகங்கள் செய்து, அது பிறந்த நாட்டுக்கே கப்பலேற்றினார்கள் என்றால் பாருங்களேன்! எங்களுக்கு அது பாசத்துக்கான வண்டியல்ல, சோற்றுக்கான வண்டி. வாரத்தில் இரண்டு நாள் துணிப் பொதிகளை ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று வீடு வீடாக விற்றுக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறை வரை போவோம். அங்கே காரை நிறுத்திவிட்டுப் பொதியோடு படகேறினால் நயினாதீவு. கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு ஸ்ரியறிங் என் கைக்கு வந்தது. அவருக்குக் காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, "நாலிலே ஒண்டு அடிக்கேல்லை, கேக்குதா?" என்பார். எனக்கு முதலில் எதுவும் கேட்காது. இப்போது கேட்கிறது.

கார் மந்தமாக ஓடுகிறது என்றால் உடனே எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் தீவுகளில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனால் காற்று இருக்கிறது. சோழகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் போவது எதிர்க்காற்றில் போவது. இருபுறமும் கடல், மறைக்க ஒரு மரம் இல்லை. அன்று கார் இழுக்காவிட்டால் அது காரின் பிழையல்ல. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், கார் பறக்கும். போகும்போதும் வரும்போதும் ஒரேமாதிரி மந்தமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அதற்குப் பிறகும் இரண்டு சோதனை உண்டு. கொஞ்சத் தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு நான்கு சில்லுகளுக்குக் கிட்டவும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதன் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கடற்காற்றில் நாட்கணக்காக நின்ற காருக்கு இது சாதாரண வியாதி. எஞ்சின் இரைகிறது, சத்தம் கூடுகிறது, ஆனால் வேகம் கூடவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. இந்த இரண்டுக்கும் எஞ்சினை இறக்கத் தேவையில்லை.

இவை எதுவும் இல்லையென்றால்தான் பிளக். பரியாரியார் வந்ததும் முதலில் என்ன சொல்வார்? "நாக்கை நீட்டு!" எஞ்சினுக்கு நாக்கு இந்த ஸ்பார்க் பிளக்தான். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் 1,500 தடவை பொறி தட்டுகிறது. உள்ளே நெருப்புக்கு நடுவில் இருந்துவிட்டு வருகிறதல்லவா, உள்ளே நடப்பதெல்லாம் அதன் நுனியில் எழுதியிருக்கும்.

நுனி பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் சுகம். காய்ந்த கரி, தொட்டால் விரலில் ஒட்டுகிற அடுப்புக்கரி போல இருந்தால், பெற்றோல் தேவைக்கு மேல் போகிறது: சோக் கம்பி இறுகியிருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு போல வெந்திருந்தால் அதற்கு நேர்மாறு. பெற்றோல் போதவில்லை, எங்கோ காற்று களவாய்ப் புகுகிறது, அல்லது பொறி விழும் நேரம் தப்பியிருக்கிறது. கறுத்து, ஈரமாய், விளக்கெண்ணெய் பூசியதுபோல் பிசுபிசுத்தால் எஞ்சின் ஒயில் மேலே ஏறுகிறது. இதுதான் பெரிய செலவுக்கு அடையாளம். ஆனால் ஈரமெல்லாம் ஒயில் அல்ல. முகர்ந்து பாருங்கள். பெற்றோல் மணத்து, வெயிலில் வைத்ததும் உலர்ந்தால் அது எரியாமல் நின்ற பெற்றோல். அந்தப் பிளக்கில் பொறியே விழவில்லை.

நான்கையும் எடுத்த வரிசையிலேயே ஒரு பலகையில் வைத்துப் பார்ப்பது முக்கியம். நான்கும் ஒரே நிறத்தில் கெட்டிருந்தால் பொதுவான காரணம், அதாவது காபரேற்றர் அல்லது எரிபொருள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்த ஒரு சிலிண்டரின் வீட்டுப் பிரச்சினை.

எங்களுக்கு நடந்தது இரண்டாவது வகை. பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கார் இழுவையை விட்டது. காட்டிய கராஜில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை பெருநாள் துணி எடுக்க வைத்திருந்த முதலுக்குச் சரியாக இருந்தது! அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. கிழட்டுக் காரைக் கண்டதும் கிழட்டு வியாதியைச் சொல்வது மனித சுபாவம். "முதல்லே பிளக்கைக் கழட்டு புள்ளை" என்றார் இவர். கழற்றினேன். மூன்று பால்தேத்தண்ணி. முதலாவது மட்டும் கறுப்பு, ஈரம், பெற்றோல் மணம். ஒன்றாம் பிளக்கை மூன்றாம் இடத்திலும் மூன்றாவதை ஒன்றாம் இடத்திலும் மாற்றிப் போட்டு ஓட்டினோம். மறுபடி கழற்றினால், நல்ல பிளக் ஒன்றாம் இடத்தில் ஈரமாய் நின்றது. கெட்டதென்று நினைத்தது மூன்றாம் இடத்தில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அப்படியென்றால் குற்றம் பிளக்கில் இல்லை, அதற்குப் போகும் வயரில்! டிஸ்ரிபியூட்டர் மூடியில் அந்த வயர் செருகும் குழியைப் பார்த்தால் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று தின்றிருந்தது. குழியைச் சுரண்டித் துடைத்து ஒரு வயரை மாற்றியதோடு கதை முடிந்தது. பெருநாள் துணியும் வந்தது.

தீவுப் பக்கம் வாகனம் வைத்திருக்கும் வீடுகள் இந்த மூடியை மாதம் ஒருமுறையாவது கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மழைக்கால இரவில் முற்றத்து விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் எஞ்சினின் பொனெற்றைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். வயர் வெடித்திருந்தால் மின்மினிபோல் நீலப் பொறிகள் ஓடும். தொட்டுவிடாதீர்கள், அதில் ஆயிரக்கணக்கான வோல்ற் இருக்கிறது.

நான்கும் சேர்ந்து கறுப்பது எப்படி என்பதை யாழ்ப்பாணம் அறிந்த அளவு வேறு ஊர் அறியாது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த ஆண்டுகளில் நாங்கள் இங்கே இல்லை. 1990 ஒக்ரோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றியபோது எங்கள் வாகனமும் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் காருக்கு என்ன வேலை? ஆகவே இது எனக்கு வேலணை வாடிக்கையாளர் அக்கா ஒருவர் சொன்ன கதை. அவருடைய ஐயா ஒஸ்ரின் ஏ-40 வாடகைக் கார் ஓடியவர். தீவில் சண்டை வந்தபோது அதே காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மானிப்பாய்ப் பக்கம் இடம்பெயர்ந்திருக்கிறார்கள்.

"காபரேற்றர் வாயிலே நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணுறது, தங்கச்சி. சூடானாப் பிறகு மண்ணெண்ணெய். புகையெண்டா ஊரே மறையும். ஐயாட்டை ரண்டு செற் பிளக் இருந்தது. ஒரு செற் காரிலே, மற்ற செற் அம்மாவின்ரை அடுப்பிலே. அப்பளம் சுடுற மாதிரி அம்மா குறட்டாலே பிடிச்சுச் சுட்டுக் குடுப்பா. கரி எரிஞ்சு விழுந்திடும்."

அடுப்பில் பிளக் சுட்ட அந்தத் தாயை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. ஆனால் இன்று நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். உள்ளிருக்கும் வெள்ளைப் பீங்கான் வெடித்துவிடும்.

மண்ணெண்ணெய் ஏன் கரி கட்டுகிறது? பெற்றோல் இலேசில் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு நல்ல சூடு வேண்டும். சூடு போதாவிட்டால் பாதி எரியாமல் கரியாகப் பிளக்கில் படியும், மீதி கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் குறையவில்லை, கூடுகிறதே என்று அப்போது மகிழக் கூடாது. நீர்த்துப்போன ஒயில் எஞ்சினைத் தின்னும். இங்கிலாந்தில் 1949இல் வந்த ஒருவகை பெர்குசன் டிராக்டரை மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடவென்றே செய்திருந்தார்கள். அதுவும் பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மாற்றுவதுதான். தீவுகளின் மீனவர்கள் மண்ணெண்ணெய் வெளியிணைப்பு எஞ்சினை இன்றும் அப்படித்தான் கிளப்புகிறார்கள். அவை அதற்கென்றே செய்தவை. ஒஸ்ரினும் மொறிஸும் அப்படியல்ல.

இந்தப் பழைய கதை 2022இல் எங்கள் வாசலுக்கே வந்தது. அந்த ஆண்டு ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. ஒகஸ்ட்டில்தான் மண்ணெண்ணெய் 340 ஆனது. இடைப்பட்ட வாரங்களில் போத்தலில் விற்ற பெற்றோலில் என்ன கலந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, அடுப்புக்குத் தூரமாக வைத்துக் காயவிடுங்கள். பெற்றோல் தடமில்லாமல் போய்விடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் வடை சுற்றிய தாள்போல் எண்ணெய்ப் பொட்டு நிற்கும்.

இனிப் பிளக் மாற்றும் விதம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வயர்களுக்கு 1, 2, 3, 4 என்று துணித்துண்டு கட்டிக்கொள்ளுங்கள். இடம் மாறினால் கார் கிளம்பாது. பிளக்கைச் சுற்றியிருக்கும் மணலைத் தூரிகையால் துடைக்காமல் கழற்றவே வேண்டாம், குழிக்குள் விழும் ஒரு மணல் சிலிண்டரைக் கீறும். புதிய பிளக்கில் பழையதன் இலக்கமே இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நுனியிலுள்ள இடைவெளி எங்கள் காருக்கு 0.025 அங்குலம், ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர். அளவுத் தகட்டை நுழைத்தால் மெல்ல உரசிக்கொண்டு போக வேண்டும். பிளக்கின் தலையில் ஒரு துண்டு றப்பர் குழாயைச் செருகி, அதைப் பிடித்து விரலாலேயே முறுக்குங்கள். புரி தப்பினால் குழாய் வழுக்கிவிடும், புரி கெடாது. கடைசியில் மட்டும் சாவி. புதிய வளையமென்றால் அரைச் சுற்று; பழையதென்றால் அதிலும் மிகக் குறைவு. ஆண்கள் பலம் காட்டி இறுக்குவார்கள், விடாதீர்கள்.

ஒயில் பிசுபிசுக்கும் பிளக்கைப் பற்றி ஒன்று பாக்கி. கியரை நடுவில் விட்டு, கொயில் வயரைக் கழற்றி, நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழியையும் பெருவிரலால் மூடிக்கொண்டு இன்னொருவரைக் கைபிடியால் எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். நல்ல சிலிண்டர் விரலைத் தள்ளி எறியும். தள்ளாத குழியில் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். தள்ளும் பலம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது; கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

சென்ற மாதம் மகன் சுற்ற, நான் விரல் வைக்க, இவர் கதிரையிலிருந்து கேட்க, எங்கள் காருக்கும் இதைச் செய்தோம். நாலாவது குழியில் தள்ளல் குறைவு. ஒயில் விட்டதும் கூடியது. அந்த ரிங் உண்மையிலேயே தேயத் தொடங்கிவிட்டது. பெருநாள் வியாபாரம் முடிந்து கடன் வசூலானதும் எஞ்சினை இறக்குவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அதுவரை வாரம் ஒருமுறை அந்த நாலாம் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடுகிறேன்.